பல்லுக்கு எவ்வளவு மயக்கம் தேவை?

புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் போகும் சாலையில், ஊர் எல்லை முடிவதற்குள் வந்துவிடுகிறது கோரிமேடு. ஜிப்மர் அங்கேதான் இருக்கிறது. புதுச்சேரி அரசின் மகாத்மா காந்தி பல் மருத்துவ நிறுவனமும் அங்கேதான். முன்னதன் வேர் 1823-இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளி. அது 1956-இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாகி, 1964-இல் இன்றைய பெயருக்கு வந்தது. பின்னது 1990-இல் பிறந்தது. பல் பிடுங்குகிறவரும் மயக்கம் கொடுக்கிறவரும் ஒரே பேட்டையில் கிடைப்பது சின்ன விஷயம் இல்லை. மாவட்டத் தலைநகரங்கள் பலவற்றிலேயே பல் மருத்துவர் தெருவுக்கு ஒருவர் இருப்பார். மயக்கவியல் மருத்துவரை மட்டும் தொலைபேசியில் அழைத்துக் காத்திருக்க வேண்டும். பல் சிகிச்சையில் மயக்க மருந்தின் இடம் என்ன என்ற கேள்வியை எடை போட அதனால்தான் கோரிமேடு பொருத்தமான இடம்.

கேள்வி ஏன் எழுகிறது? நோயாளிகள் இரண்டு எல்லைகளில் நிற்கிறார்கள். "ஊசியே வேணாங்க, மாத்திரை எழுதிக் குடுங்க" என்பவர் ஒருவர். "மொத்தமா மயக்கம் குடுத்து எல்லாத்தையும் புடுங்கிடுங்க" என்பவர் இன்னொருவர். இருவரையும் பேச வைப்பது ஒரே பயம். அந்தப் பயத்தை நம்பித்தான் "வலியில்லாப் பல் சிகிச்சை" என்ற பலகை ஊருக்கு ஊர் தொங்குகிறது. எதைக் கொண்டு வலியில்லாமல் செய்யப் போகிறார்கள் என்று அந்தப் பலகை எதிலும் எழுதியிருப்பதில்லை. நான் மூன்றை வைத்து அளக்கிறேன்: வலி உண்மையிலேயே போகிறதா, போனவர் பத்திரமாக எழுந்து வருகிறாரா, விழுப்புரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வருகிறவருக்கு அது கட்டுப்படியாகிறதா.

முதலில் விசாரணைக் கூண்டில் ஏற வேண்டியது லிக்னோகெய்ன். 1943-இல் ஸ்வீடனில் நீல்ஸ் லோஃப்கிரன் உருவாக்கியது. 1948 முதல் விற்பனையில் இருப்பது. அதற்கு முன் கொக்கைன் இருந்தது. 1884-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் அதைக் கீழ்த்தாடை நரம்பில் செலுத்திக் காட்டினார்; பிறகு அந்த மருந்துக்கே அவர் அடிமையானார். நூற்றாண்டு திரும்பியதும் ஐன்ஹார்னின் நோவோகெய்ன் வந்தது. அதற்கு வீரியமும் குறைவு, ஒவ்வாமையும் கூடுதல். லிக்னோகெய்ன் வந்ததும் இரண்டும் ஒதுங்கின. எழுபது ஆண்டுகளுக்கு மேல் உலகின் பல் நாற்காலிகளில் இதுவே முதன்மையான மருந்தாக நிற்கிறது.

இதன்மேல் நம் ஊரில் சொல்லப்படும் குற்றங்களில் பெரும்பாலானவை நிற்காது. "பிரஷர் இருக்கு, அதனால மரப்பு ஊசி ஆகாது" என்பது மிகப் பழைய ஒன்று. ஊசியில் லிக்னோகெய்னுடன் கலந்திருக்கும் அட்ரினலின்தான் இந்தப் பயத்துக்குக் காரணம். அது ரத்தக் குழாய்களைச் சுருக்கி, மருந்தைப் பல்லருகிலேயே பிடித்து வைக்கிறது. அது இல்லாவிட்டால் பல்லின் கூழ் மரத்திருப்பது சில நிமிடங்கள்தான். இருந்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். வழக்கமான 80,000-க்கு 1 என்ற கலவையில் ஒரு மில்லி லிட்டருக்கு 12.5 மைக்ரோகிராம் அட்ரினலின் உண்டு. இரண்டு மில்லி போட்டால் 25. இதய நோயாளிகளுக்கு வழக்கமாக வைக்கும் வரம்பு 40. அட்ரினலினைத் தவிர்த்துவிட்டுப் பல்லைப் பிடுங்கும்போது பாதியில் மரப்பு கலைந்து, வலியில் அவர் துள்ளினால், அவர் உடம்பே அட்ரினலினைக் கொட்டும். அதை யாரும் அளந்து ஊற்ற முடியாது. கட்டுக்குள் இருக்கும் ரத்த அழுத்தக்காரருக்கு அளவான அட்ரினலினை மறுப்பது பாதுகாப்பு ஆகாது. ரத்த அழுத்தம் 180/110-ஐத் தாண்டி நிற்கிறவருக்கு அன்று பல்லையே தொடக் கூடாது என்பது வேறு பேச்சு.

இன்னொன்று கையில் போடும் "டெஸ்ட் டோஸ்". தோலுக்கடியில் ஒரு துளி செலுத்தி, பேனாவால் வட்டம் போட்டு, சில நிமிடம் பார்த்துவிட்டு "ஒண்ணும் ஆகல" என்பார்கள். லிக்னோகெய்ன் சேர்ந்த அமைடு வகை மருந்துகளுக்கு உண்மையான ஒவ்வாமை மிக மிக அரிது. வட்டத்துக்குள் தடிப்பு வராததால் உள்ளே போகும் மருந்து முழுக்கப் பத்திரம் என்றும் ஆகாது. சற்றுச் சிவந்ததால் ஒவ்வாமை என்றும் ஆகாது. "முன்னே ஊசி போட்டப்ப மயங்கினேன்" என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோர் வெறும் வயிற்றோடு பயந்து உட்கார்ந்திருந்து கிறங்கியவர்கள். அவர்களிடம் ஐந்து நிமிடம் பேசிக் கேட்பது அந்தப் பேனா வட்டத்தைவிட அதிகம் சொல்லும். வழக்கு வந்தால் காட்ட ஒரு சடங்கு வேண்டும் என்று செய்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சடங்கைச் சோதனை என்று நம்பக் கூடாது.

லிக்னோகெய்னின் மெய்யான குறை வேறிடத்தில் இருக்கிறது. அதைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு மரப்பு ஊசி போடுவது பார்க்கிற அளவுக்கு எளிதல்ல. மேல்தாடை எலும்பு மெல்லியது; பல்லுக்கு நேரே ஈறில் போட்டாலே மருந்து ஊறிப் போய்விடும். கீழ்த்தாடையின் பின்பக்கம் எலும்பு தடித்தது. ஆகவே நரம்பு எலும்புக்குள் நுழையும் துளைக்கு முன்பே போய் மடக்க வேண்டும். மருத்துவர் கட்டைவிரலைத் தாடையின் மேலெழும் பகுதியின் முன்விளிம்புப் பள்ளத்தில் அழுத்திக் குழியைத் தேடுவார். எதிர்ப்பக்கத்து முன்கடைவாய்ப் பற்களின் மேலாக ஊசியைச் சாய்த்து, எலும்பில் முட்டும்வரை கொண்டுபோவார். முட்டியதும் ஒரு மயிரிழை பின்னிழுத்து, பிஸ்டனை இழுத்துப் பார்ப்பார். பத்துக்கு ஒரு தடவையாவது ரத்தம் எட்டிப் பார்க்கும்; அப்படியானால் ஊசி குழாய்க்குள் நிற்கிறது, இடம் மாற்ற வேண்டும். ரத்தம் வராவிட்டால் மெதுவாக, ஒரு மில்லி உள்ளே போக ஒரு நிமிடம் என்ற நிதானத்தில் அழுத்த வேண்டும். மருந்து அமிலத்தன்மை உள்ளது. அவசரமாகத் தள்ளினால் எரியும். ஊசி வலிக்கிறது என்று நாம் சொல்வதில் பாதி இந்த அவசரம்.

பிறகு மருத்துவர் கேட்பார்: "உதடு தடிச்ச மாதிரி இருக்காம்மா?" "ஆமாங்க, இந்தப் பக்கம் காணவே காணோம்." உடனே கருவி உள்ளே போகும். இங்கேதான் தவறுகிறது. உதட்டுக்குப் போகும் இழைகள் மரத்துவிட்டால் பல்லுக்குப் போகும் இழைகளும் மரத்துவிட்டன என்று பொருள் இல்லை. உதடு சில நிமிடத்தில் தடிக்கும். பல்லின் கூழ் மரக்கப் பத்து, பதினைந்து நிமிடம் ஆகலாம். குளிர்ச்சியை வைத்துப் பல்லையே சோதித்தால் தவிர உண்மை தெரியாது. தேர்ந்த கை போட்டாலும் இந்த ஊசி ஏழில் ஒன்றோ ஐந்தில் ஒன்றோ பொய்க்கும். ராத்திரி முழுக்கக் குடைந்து, வெந்நீர் பட்டால் உயிர் போகிறது என்று வருகிற அழற்சிப் பல்லில் பாதிக்குப் பாதி பொய்த்ததாகக் காட்டும் ஆய்வுகளும் உண்டு. வீங்கிய கூழின் நரம்புகள் இந்த மருந்துக்கு எளிதில் அடங்குவதில்லை. சீழ் கோத்த இடத்தின் அமிலத்தன்மையும் மருந்தை நரம்புக்குள் நுழைய விடாமல் தடுக்கிறது. வலி அதிகமான அன்றுதான் மருந்து குறைவாக வேலை செய்கிறது என்பது லிக்னோகெய்னின் பெரிய முரண். நோயாளியோ "எனக்கு ஊசி ஏறல, டாக்டர் சரியில்ல" என்று போகிறார். அல்லது "நீங்க ரொம்பப் பயப்படுறீங்க" என்று திட்டு வாங்கிக்கொண்டு போகிறார். இரண்டு பேர்மேலும் குற்றமில்லாத சந்தர்ப்பம் இது.

ஆர்ட்டிகெய்ன் இந்த இடத்துக்குத்தான் உதவும். 1976 முதல் ஜெர்மனியில் புழங்குவது. தடித்த எலும்பிலும் ஓரளவு ஊறக்கூடியது. கீழ்த்தாடை ஊசி பொய்த்தபின் பல்லின் கன்னப்பக்கம் இதை ஒரு தடவை சேர்த்துப் போட்டால் மரப்பு கூடுவதை ஆய்வுகள் பலமுறை காட்டியிருக்கின்றன. ஆனால் நான்கு சதவீதச் செறிவுள்ள இதை நேரே பெரிய நரம்பருகே செலுத்தினால் நாக்கிலும் உதட்டிலும் நீண்ட நாள் உணர்விழப்பு வரலாம் என்ற ஐயம், 1995-இல் கனடாவின் ஒன்டாரியோவிலிருந்து வந்த ஆய்வுக்குப் பின் இன்னும் முழுக்கத் தீரவில்லை. விலையும் கூடுதல். எல்லாருக்கும் இதுவே என்று விளம்பரிக்கத் தேவை இல்லை. அடங்காத பல்லுக்கு இரண்டாவது ஊசியாக அலமாரியில் இருக்க வேண்டும்.

புது மருந்தைவிட அதிகம் செய்யக்கூடியது காத்திருப்பு. அதற்குச் செலவே இல்லை. வேடிக்கை என்னவென்றால், நெரிசல் மிகுந்த அரசு ஓ.பி.க்கு இதில் ஒரு வசதி உண்டு. நான்கு பேருக்கு வரிசையாக ஊசி போட்டு பெஞ்சில் உட்கார வைத்தால், நான்காமவருக்குப் போட்டு முடிப்பதற்குள் முதலாமவருக்குப் பல் மரத்திருக்கும். சீட்டில் பெயரையும் பல்லின் எண்ணையும் மறுபடி பார்க்காமல் நாற்காலியில் ஏற்றினால் மட்டும் ஆபத்து. பெஞ்சில் இருப்பவர்மேல் ஒரு கண்ணும் வேண்டும். தனியார் அறையில் ஒரே நோயாளி, ஒரே நாற்காலி. அங்கே பத்து நிமிடம் சும்மா இருப்பது நஷ்டமாகத் தெரிகிறது.

மருந்தை விடுவித்துவிட்டேன். அது வரும் புட்டியை விடுவிக்க மனம் வரவில்லை. நம் நாட்டில் பரவலாக இருப்பது 30 மில்லி குப்பி. ரப்பர் மூடியில் ஊசியைக் குத்தி இரண்டு மில்லி சிரிஞ்சில் உறிஞ்சிக்கொள்வார்கள். ஒரே குப்பி பலருக்கு. மேலை நாடுகளில் 1.8 மில்லி கண்ணாடிக் குழல், ஆளுக்கு ஒன்று, மிச்சம் குப்பைக்கு. குப்பி மலிவு, அது வாங்க முடிந்ததால்தான் ஏழை வாயிலும் மரப்பு ஊசி ஏறியது என்பதை மறக்கக் கூடாது. ஆனால் அது கெடாமல் இருக்கச் சேர்க்கும் மெத்தில்பாரபென்தான், லிக்னோகெய்ன்மேல் விழும் ஒவ்வாமைப் பழியில் ஒரு பங்குக்குச் சொந்தக்காரன். அடுத்தது கணக்கு. இரண்டு சதவீத மருந்தில் ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராம். ஒரு குப்பியில் 600. அட்ரினலின் கலந்தாலும் பெரியவருக்கு உச்ச வரம்பு 500. குழலாக இருந்தால் காலியானவற்றை எண்ணினாலே போட்ட அளவு தெரியும். குப்பியில் ஞாபகம்தான் கணக்கு.

மூன்றாவதுதான் எனக்கு உறுத்துவது. 2023-இல் வாணியம்பாடியில் ஒரு பல் சிகிச்சையகத்துக்குப் போன எட்டுப் பேர், மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் தொற்றில் இறந்தார்கள். வேலூர் சி.எம்.சி. உள்ளிட்ட நிறுவனங்களின் ஆய்வு 2025-இல் வெளிவந்தபோது, சந்தேகம் ஒரு சலைன் புட்டியில் போய் நின்றது: சுத்திகரிக்காத கருவியால் திறந்து, பஞ்சால் அடைத்து, மறுபடி மறுபடி பயன்படுத்திய புட்டி. அது மரப்பு மருந்து இல்லை என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் திறந்த புட்டி பல வாய்களுக்குப் போகும் ஏற்பாடு ஒன்றேதான். உறிஞ்ச ஒவ்வொரு தடவையும் புது ஊசி, புது சிரிஞ்ச், குப்பிமேல் திறந்த தேதி: இந்த மூன்றும் தவறாத இடத்தில் குப்பி இருக்கட்டும். தவறும் இடத்தில் குழலுக்கு மாறுவதைச் செலவு என்று சொல்லித் தள்ளிப்போட நியாயம் இல்லை.

இனி முழு மயக்கம். பல்லுக்கும் மயக்க மருந்துக்கும் உள்ள உறவு பழையது. 1844 டிசம்பரில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஹொரேஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர் நைட்ரஸ் ஆக்சைடை முகர்ந்து தன் பல்லையே பிடுங்கச் செய்தார். 1846 அக்டோபரில் பாஸ்டனில் ஈதரை உலகுக்குக் காட்டிய மார்ட்டனும் பல் மருத்துவரே. அறுவை சிகிச்சை உலகம் முழுக்கப் பல் மருத்துவர்களிடம் கடன்பட்டிருக்கிறது. அந்தப் பெருமைதான் பின்னால் ஒரு கெட்ட வழக்கத்தையும் வளர்த்தது: பல் மருத்துவரே மயக்கமும் கொடுத்து, அவரே பல்லையும் பிடுங்குவது.

வாய் சிகிச்சையில் மயக்கம் ஏன் தனி ஆபத்து? மூச்சு போகும் வழியும் வேலை நடக்கும் இடமும் ஒன்றே. ரத்தம், தண்ணீர், உடைந்த பல் துண்டு எல்லாம் தொண்டைக்கு மேலேயே நிற்கின்றன. குழாயை மூக்கு வழியாக இறக்கி, தொண்டையில் துணிச்சுருள் வைத்துக் காக்க வேண்டும். வைத்த சுருளை எடுத்தாயிற்றா என்று எண்ணிப் பார்க்க மறந்தால் அதுவே ஆளைக் கொல்லும். பிரிட்டனில் பல் நாற்காலியில் மயக்கம் கொடுத்துச் சிறுவர்கள் உட்பட இறந்தபின், 1990-இல் பாஸ்வில்லோ குழு எச்சரித்தது. 2001 முடிவோடு மருத்துவமனைக்கு வெளியே பல்லுக்கு முழு மயக்கம் கொடுப்பதே நின்றது. கலிஃபோர்னியாவில் 2015-இல் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் இப்படி இறந்தபின் பெரும் விவாதம் நடந்து, 2019-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவச் சங்கமும் குழந்தைப் பல் மருத்துவச் சங்கமும் சேர்ந்து, ஆழ்ந்த மயக்கத்துக்குப் பல்லைத் தொடாத தனி ஆள் ஒருவர் வேண்டும் என்று எழுதின. கையும் கண்ணும் பல்லில் இருக்கும்போது மூச்சைக் கவனிக்க இன்னொருவர் வேண்டும் என்பதற்கு இவ்வளவு மரணம் தேவைப்பட்டிருக்கக் கூடாது.

இதைச் சொன்னவுடன் முழு மயக்கமே கூடாது என்று முடிவு கட்டினால் அது இன்னொரு அநியாயம். மூன்று வயதுக் குழந்தை. பாட்டில் பாலில் தூங்கித் தூங்கிப் பற்கள் பலவும் சொத்தை. நான்கு மூலையிலும் வேலை. எடை 15 கிலோ. கிலோவுக்கு 4.4 மில்லிகிராம் என்ற குழந்தைகளுக்கான வரம்பில் அதற்குப் போடக்கூடிய லிக்னோகெய்ன் 66 மில்லிகிராம், அதாவது 3.3 மில்லி. நான்கு மூலையையும் ஒரே நாளில் மரக்க வைக்க அது போதாது. போதுமானதைப் போட்டால் வலிப்பு வரை போகலாம். ஆகவே ஐந்தாறு தடவை வரவழைத்து, அம்மா கையைப் பிடிக்க, அப்பா காலைப் பிடிக்க, நர்ஸ் தலையைப் பிடிக்க வேலை நடக்கும். அந்தக் குழந்தை வளர்ந்து நாற்பது வயதில் "மாத்திரை குடுங்க" என்று நிற்கும். இதைவிட, நல்ல மருத்துவமனையில் ஒரே மயக்கத்தில் எல்லாவற்றையும் முடிப்பது மேல். கை கால் கட்டுப்படாத பெருமூளை வாதக் குழந்தைகளுக்கும், தொடுகையையே தாங்காத ஆட்டிசப் பிள்ளைகளுக்கும் பல நேரம் வேறு வழி இல்லை.

மூளை வளர்ச்சி பற்றிய பயத்துக்குப் பதில் ஓரளவு உண்டு. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு நீண்ட நேரமோ பலமுறையோ மயக்கம் கொடுப்பது பற்றி அமெரிக்க மருந்து நிர்வாகம் 2016-இல் எச்சரித்தது. 2019-இல் லான்செட்டில் வந்த பன்னாட்டு ஆய்வு, பச்சிளம் பருவத்தில் ஒரு மணி நேரத்துக்குக் குறைவான ஒற்றை மயக்கம் ஐந்து வயதில் அறிவுத்திறனைப் பாதிக்கவில்லை என்று கண்டது. ஒரு தடவைக்குப் பயப்பட வேண்டாம். ஆறு மாதத்தில் மறுபடி சொத்தையோடு வந்து இரண்டாம் தடவை கேட்டால், அங்கே தோற்றது பல் துலக்கப் பழக்காத வீடும், பழக்கச் சொல்லாத மருத்துவமும்தான்.

நடுவில் நிற்கும் இரண்டையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். நைட்ரஸ் ஆக்சைடை ஆக்சிஜனோடு மூக்கு முகமூடியில் கொடுப்பது பத்திரமானது. கருவி எழுபது சதவீதத்துக்கு மேல் அந்த வாயுவை விடாது. நிறுத்திச் சில நிமிடம் ஆக்சிஜன் கொடுத்தால் தெளிந்துவிடும். ஆனால் வலியை அது முழுக்க எடுக்காது, ஊசியும் வேண்டும். கத்தி அழும் குழந்தை வாயால் மூச்சு விடும்; யாருக்கு அதிகம் தேவையோ அவர்களிடம் அது எடுபடாது. ஓரளவு பயந்த, சொன்னால் கேட்கிற ஏழு வயதுப் பிள்ளைக்கு நல்லது. தூக்க சிரப் விஷயத்தில் நான் கடுமையாகவே இருக்கிறேன். ட்ரைக்ளோஃபோஸோ மிடாஸோலமோ வாய்வழி ஊற்றினால் ஒரு குழந்தை சிணுங்கிக்கொண்டிருக்கும், அதே எடையுள்ள இன்னொன்று மூச்சு மந்தமாகும் அளவுக்கு ஆழ்ந்துவிடும். ஊற்றியதைத் திரும்ப எடுக்க முடியாது. ஆக்சிஜன் அளவு காட்டும் கருவியும், குழந்தைக்கு மூச்சு ஊதத் தெரிந்த இரண்டாவது ஆளும் இல்லாத மாடி கிளினிக்கில் இது நடக்கவே கூடாது. வீட்டிலேயே ஊற்றிக் கூட்டிவரச் சொல்வது அதைவிட மோசம்.

என் தீர்ப்பில் லிக்னோகெய்ன் முதல் இடத்தில் இருக்கட்டும், பொறுமையோடு. ஆர்ட்டிகெய்ன் துணைக்கு. முழு மயக்கம் தேவைப்பட்டவருக்கு உண்டு; அது மருத்துவமனையில், மயக்கவியல் மருத்துவர் கையில் மட்டும். ஆனால் வாசலை மூடுவது மட்டும் தீர்ப்பானால் என்ன ஆகும் என்பதற்கும் பிரிட்டனே சாட்சி. இங்கிலாந்தில் ஐந்து முதல் ஒன்பது வயதுக் குழந்தைகள் மருத்துவமனையில் சேர்க்கப்படுவதற்கு முதல் காரணமாகப் பல் சொத்தை நீண்ட காலமாக நிற்கிறது. காத்திருப்புப் பட்டியலும் நீளம். புதுச்சேரியில் மயக்க மேசை என்பது புற்றுநோய்க்காரர், இதய நோயாளி, விபத்தில் வந்தவர் எல்லாரும் கேட்கும் மேசை. சொத்தைப் பல் குழந்தை அந்த வரிசையில் கடைசியில்தான் நிற்கும். உயிரா பல்லா என்று கேட்டால் யாரும் பல் என்று சொல்ல மாட்டார்கள். வாரத்தில் ஒரு காலை அந்த மேசையைப் பல்லுக்கென்றே ஒதுக்கி வைத்தால்தான் அந்தக் கேள்வி எழாமல் இருக்கும். கோரிமேட்டில் பல் மருத்துவரும் மயக்கவியல் மருத்துவரும் இவ்வளவு அருகில் இருப்பதன் பயனை அந்த ஒரு காலையைக் கொண்டுதான் அளப்பேன். அப்படிப்பட்ட காலையும் வீணாகப் போக ஒரு பிஸ்கட் போதும். மயக்கத்துக்கு முன் ஆறு மணி நேரம் திட உணவு கூடாது. வெறும் தண்ணீர் மட்டும் இரண்டு மணி நேரம் முன்புவரை. இதைச் சீட்டில் எழுதினால் போதாது. முதல் பஸ்ஸில் குழந்தையைத் தூக்கிவரும் பாட்டிக்கு, முந்தின நாள் மாலையே போன் போட்டு வாயால் சொல்ல ஒருவர் வேண்டும்.